ஆக்கும் பொறியும் ஆராயும் கண்ணும்

ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோரைப் பற்றித் தமிழ் பயில்வோர் நன்கு அறிவர். மூலத்தில் இருந்ததை உள்ளவாறே எழுதியவர் உண்டு. தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றி எழுதியவரும் உண்டு. ஆதலின், படியெடுத்தவர் யார், எச்சுவடியைப் பார்த்துப் படியெடுத்தார் என்பன தெரியாமல் ஒரு பாடத்தை ஏற்கப் பதிப்பாசிரியர் தயங்குவார். அதே தயக்கம் இன்று கணிப்பொறித் துறையிலும் எழுந்துள்ளது. நாம் நாள்தோறும் இயக்கும் மென்பொருளை எவர், எம்முறையில் ஆக்கினார்? ஆக்கியது ஒரு பொறியே எனின், அப்பொறியை எதனைக் கொண்டு நம்புவது? இவ்வினாவைப் பற்றி என் கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறியியல் பயிலாதவர்களும் இதனைப் படிப்பார்களாதலின் அடிப்படைகளிலிருந்து தொடங்குகிறேன்.

நிரலர் எழுதுவது மனிதர் படித்துணரத்தக்க மூலநிரல். கணிப்பொறி இயக்குவதோ எண்களாலான இருமக் கோப்பு. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது கம்பைலர் எனும் மொழிமாற்று நிரல். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ், ஓர் இயக்கமுறைமையின் கரு மட்டுமே. அக்கருவோடு ஆயிரக்கணக்கான பிற மென்பொருள்களையும் திரட்டி, ஒன்றோடொன்று முரணாதவாறு இசைவித்து, மக்கள் கையில் தருவதை டிஸ்ட்ரிபியூஷன் என்பர். தமிழில் வழங்கல் என்போம். வழங்கலில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வரும். அப்பொதிக்குள் இருமக் கோப்புகள் இருக்கும். அம்மென்பொருள் வேறு எவ்வெவற்றைச் சார்ந்து நிற்கிறது என்ற குறிப்பும், நிறுவும்போது நிறைவேற்றவேண்டிய ஆணைகளும் இருக்கும். இவ்வாணைகள் கணிப்பொறியின் முழு அதிகாரத்தோடும் இயங்குவன. எனவே ஒரு பொதியை நிறுவும் ஒருவர், தம் வீட்டுத் திறவுகோல் கொத்தினை அதை ஆக்கியவரிடம் ஒப்படைக்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

வழங்கல்கள் பல உள. அவற்றுள் டெபியன் என்பதனையே ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். 1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த இயன் மர்டாக் அதனை அறிவித்தார். தம் தோழி டெப்ராவின் பெயரோடு தம் பெயரையும் இணைத்து அவ்வழங்கலுக்குப் பெயரிட்டார். மாணவர் ஒருவர் தொடங்கிய பணி இது என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். எந்த வணிக நிறுவனத்துக்கும் உடைமையாகாமல், உலகெங்கும் பரவியுள்ள ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்களால் அது நடத்தப்பெறுகிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் இடம்பெற்றன. உபுண்டு அதன் வழித்தோன்றலே. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் எனும் இந்திய வழங்கலும் அதனை அடியாகக் கொண்டது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகளில் பாஸும் இடம்பெற்றிருந்தது. ஆக, இது தொலைவிலுள்ள எவருடைய கதையோ அன்று.

ஆயிரம் பேர் 69 ஆயிரம் பொதிகளை எவ்வாறு ஆக்குகின்றனர்? தனியே கையால் ஆக்க இயலாது என்பது வெளிப்படை. ஒரு பொதிக்குப் பொறுப்பேற்றவரைப் பேணுநர் என்பர். அவர் மூலநிரலோடு ஓர் அடைவினைச் சேர்க்கிறார். பொதியின் பெயரும் சார்புகளும் அடங்கிய கோப்பு, ஆக்கும் விதிகள் அடங்கிய கோப்பு, மாற்றங்களின் குறிப்பேடு, உரிமைக் குறிப்பு ஆகியன அதில் இருக்கும். விதிக்கோப்பு முற்காலத்தில் பக்கம் பக்கமாக நீண்டிருக்கும். ஜோயி ஹெஸ் என்பவர் உருவாக்கிய டெப்ஹெல்பர் எனும் கருவி வளர்ந்த பின்னர், பல பொதிகளுக்கு அது மூன்றே வரியில் முடிந்துவிடுகிறது. குறிப்பேட்டில் மட்டும் பழைய கண்டிப்பு இன்றும் குறையவில்லை. பேணுநரின் முகவரிக்கும் தேதிக்கும் இடையே சரியாக இரண்டு இடைவெளிகள் இருத்தல் வேண்டும். யாப்பிலக்கணம் இதனினும் இளகியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பேணுநர் தம் மூலப்பொதியில் மின்கையொப்பமிட்டு அனுப்பியதும் அவர்தம் கைவேலை முடிகிறது. கையொப்பம் சரிபார்க்கப்பட்டபின், வான்னா-பில்டு எனும் பட்டியலாளன் அப்பொதியை ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் உரிய ஆக்கும் பொறிகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. அப்பொறிகளுக்குப் பில்டு-டி என்பது பெயர். மேசைக் கணிப்பொறிக்கென ஒன்று, கைப்பேசிகளில் காணும் ஆர்ம் வகைக்கென ஒன்று, ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிக்கென ஒன்று என அவை தனித்தனியே இயங்குகின்றன. ஒவ்வொரு பொறியும் முதலில் ஒரு வெற்றறையை அமைக்கிறது. எஸ்பில்டு எனும் கருவி இவ்வேலையைச் செய்கிறது. அவ்வறையில் அடிப்படைக் கருவிகளும், பேணுநர் எழுதிக்கொடுத்த சார்புகளும் அன்றி வேறெதுவும் இராது. ஆக்கம் நடைபெறும்போது பொதி வலையமைப்பை நாடுதல் கூடாது என்பதும் டெபியனின் விதி. வேலை முடிந்ததும் அறை அழிக்கப்படுகிறது. நிகழ்ந்தவை அனைத்தும் ஒரு வரிகூட விடாமல் பதிவாகி எவரும் காணும்படி வைக்கப்படுகின்றன.

வெற்றறையின் அருமையை நான் அனுபவத்தில் உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், சொற்களை அகரவரிசைப்படுத்தும் சிறு நிரலொன்றைப் பொதியாக்க முயன்றேன். என் கணிப்பொறியில் அது குறையின்றி உருவாயிற்று. மகிழ்ச்சியோடு நண்பரிடம் காட்டினேன். அவர் வெற்றறையில் ஆக்கிப் பார்க்கச் சொன்னார். சில நொடிகளிலேயே ஆக்கம் நின்றுபோயிற்று. என்றோ ஒரு நாள் வேறொரு தேவைக்காக நான் நிறுவியிருந்த நூலகக் கோப்பு ஒன்று, நான் அறியாமலே என் பொதிக்குத் துணைநின்றிருக்கிறது. அதனைச் சார்புப் பட்டியலில் நான் எழுதவில்லை. என் கணிப்பொறியில் மட்டும் உருவாகும் பொதியால் பிறர்க்கு என்ன பயன்?

டெபியன் இவ்வுண்மையை விதியாகவே ஆக்கிக்கொண்டது. 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பேணுநர் தம் சொந்தக் கணிப்பொறியில் ஆக்கி அனுப்பும் இருமக் கோப்புகள் இனி அடுத்த பதிப்புக்குச் செல்லமாட்டா என்று அதன் வெளியீட்டுக் குழு அறிவித்தது. மூலத்தை மட்டும் அனுப்புக. ஆக்குவதைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்பதே இதன் கருத்து. பல்லாண்டு பழகிய பேணுநரின் கைப்பக்குவத்தைவிட, பழக்கம் ஏதுமற்ற பொறியின் வேலை நம்பத்தக்கது என்ற முடிவு சிலர்க்கு மனவருத்தம் தரலாம். எனக்கு அதில் ஐயமில்லை. கைப்பக்குவம் என்பது பெரும்பாலும் வெளியில் எழுதப்படாத துணைகளின் தொகுதியே.

இதுவரை கூறியதைக் கொண்டு, தானியங்கிக் கருவிகள் வந்தபின் மனிதர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எவரேனும் கருதினால், அவருக்கு 2008ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றை நினைவூட்ட வேண்டும். மறையீட்டுப் பணிக்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். எனும் மென்பொருளை வால்கிரைண்டு என்ற சோதனைக் கருவி பரிசோதித்தபோது, தொடக்க மதிப்பு இல்லாத நினைவகப் பகுதியை நிரல் பயன்படுத்துகிறது என்ற எச்சரிக்கை எழுந்தது. அவ்வெச்சரிக்கையை அகற்றுவதற்காக 2006ஆம் ஆண்டில் டெபியன் பொதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றோடு, திறவெண்களை எவரும் ஊகிக்க இயலாதபடி கலக்கும் ஆற்றலும் நீங்கிப்போயிற்று. எஞ்சியது நிகழ்முறை எண் ஒன்றே. ஆதலின் ஒவ்வொரு வகைத் திறவெண்ணிலும் 32,768 மாற்றுகளுக்கு மேல் உருவாக வழியில்லை. திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக்கூடிய அளவு அது. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டறியும்வரை, ஏறத்தாழ இருபது மாதம் இது எவர் கண்ணிலும் படவில்லை. அவ்விருபது மாதமும் ஆக்கும் பொறிகள் அப்பொதியைச் செவ்வனே ஆக்கித் தந்துகொண்டுதான் இருந்தன. பதிவேட்டில் பிழை ஒன்றும் இல்லை. எச்சரிக்கையும் ஓய்ந்திருந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட திருத்தம் அது என்பதுதான் மேலும் வருந்தத்தக்கது.

பொறி, கொடுத்த மூலத்தை ஆக்கும். கொடுத்தது தக்கதா என்று கேளாது. இது ஒரு குறை. இதற்கு மறுபுறமாக இன்னொரு குறையும் உண்டு. கொடுத்த மூலத்தைத்தான் பொறி ஆக்கிற்று என்பதற்குச் சான்று என்ன? யூனிக்ஸ் இயக்கமுறைமையைப் படைத்தவருள் ஒருவரான கென் தாம்ப்சன், டியூரிங் விருதேற்று ஆற்றி 1984ஆம் ஆண்டில் அச்சேறிய உரையில் இவ்வினாவையே எழுப்பினார். மொழிமாற்று நிரலுக்குள்ளேயே கள்ளத்தனத்தைப் புகுத்திவிட்டால், மூலநிரலில் அதன் சுவடே இராது. இருமக் கோப்பில் மட்டும் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று அவர் செய்முறையோடு காட்டினார். மூலம் தூயது, படி மாசுடையது. மூலத்தை எத்துணை முறை படித்தாலும் மாசு புலப்படாது.

இதற்கு மருந்து, சுவடிப் பதிப்பாசிரியர் அறிந்த மருந்தே. படிகளை ஒப்புநோக்க வேண்டும். ஒரே மூலத்தை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு மனிதர், வெவ்வேறு பொறியில் ஆக்கி, விளைந்த கோப்புகள் ஓர் எண்கூட மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒத்திருந்தால், அத்தனை பொறிகளையும் ஒருசேரக் கெடுத்தவன் ஒருவன் இருந்தாலன்றி நம்பிக்கைக்கு ஊறில்லை. சொல்வதற்கு இஃது எளிது. செய்யப் புகுந்தபோதுதான், ஒரே மூலத்தை ஒரே பொறியில் இருமுறை ஆக்கினாலும் விளைவு ஒத்திருப்பதில்லை என்பது தெரியவந்தது. ஆக்கிய நேரம் கோப்பினுள் பதிந்துவிடும். கோப்புகளை வரிசைப்படுத்தும் முறை மாறும். ஆக்கிய அடைவின் பெயரும், அப்பொறியின் மொழி அமைப்பும்கூட உள்ளே சென்று ஒட்டிக்கொள்ளும். எழுத்துருக்களைச் செய்யும் ஃபான்ட்ஃபோர்ஜ் எனும் கருவி, செய்த நேரத்தை எழுத்துருக் கோப்பினுள் பதித்து வந்தது. டெபியனில் லோகித் தமிழ் எழுத்துருவும் ஒரு பொதியாக உள்ளது. நம் ககரமும் ஙகரமும் எள்ளளவும் மாறாதிருக்க, நேரம் ஒன்று மாறியதனாலேயே இரண்டு எழுத்துருக் கோப்புகள் வேறு வேறாகிவிடும் என்றால், உண்மையான வேறுபாட்டை இத்தகைய பொய் வேறுபாடுகளுக்கிடையே எங்ஙனம் தேடுவது?

2013ஆம் ஆண்டு டெபியன் மாநாட்டில், லூனார் என்ற பெயரால் அறியப்பட்ட ஜெரெமி பொபியோ இப்பணியை முன்னெடுத்தார். பொதிதோறும் சென்று இத்தகைய பொய் வேறுபாடுகளைக் களைந்த அவ்வேலை, புகழ் தரும் வேலையன்று. புதிதாக ஒரு வசதியும் அதனால் பயனர்க்குக் கிட்டாது. நேரத்தைப் பொறியின் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் பேணுநரின் குறிப்பேட்டுத் தேதியிலிருந்து எடுக்குமாறு ஒரு பொது முறை வகுக்கப்பட்டது. அந்த இரண்டு இடைவெளிக் கண்டிப்பின் பயனும் இங்கேதான் எனக்கு விளங்கிற்று. இரண்டு படிகளும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்ட டிஃபோஸ்கோப் என்றொரு கருவியும் உருவாயிற்று. இன்று டெபியன் பொதிகளுள் மிகப் பெரும்பான்மையன இவ்வாறு ஒத்த படியாக மீள ஆக்கத்தக்கன. 2024ஆம் ஆண்டு நவம்பரில் லூனார் மறைந்தார். கணிப்பொறித் துறையில் செல்வம் குவித்தோர் பெயர்களை அறிந்த நம் இளைஞர்கள் இவர் பெயரையும் அறிதல் வேண்டும்.

தாம்ப்சன் எழுப்பிய ஐயத்தின் அடிவரை சென்றோரும் உளர். கியூக்ஸ் எனும் வழங்கலினர், 2023ஆம் ஆண்டில், 357 எட்டியல்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு விதையிலிருந்து தொடங்கி, மொழிமாற்று நிரல்கள் உட்பட எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே படிப்படியாக ஆக்கிக் காட்டினர். 357 எட்டியல் என்பது ஒருவர் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கத்தக்க அளவு.

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை இனிதே முடியும். ஆனால் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாத நிகழ்ச்சி அவ்வாறு நிறுத்தவிடவில்லை. எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். லாசே காலின் என்பவர் பல்லாண்டுகள் ஊதியமின்றித் தனியே அதனைப் பேணி வந்தார். 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பி உதவத் தொடங்கினார். 2022ஆம் ஆண்டில், பணி மெதுவாக நடக்கிறது என்று வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்குக் குறைகூறும் மடல்கள் வந்தன. தம் மனநலம் சீராக இல்லை என்று காலின் வெளிப்படையாகவே எழுதினார். சிறிது சிறிதாகப் பொறுப்பு புதியவர் கைக்குச் சென்றது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறர் கணிப்பொறிக்குள் நுழையும் கள்ள வாயில் ஒன்று மறைந்திருந்தது.

அது எங்கே மறைந்திருந்தது என்பதுதான் நம் பொருளுக்கு உரியது. தீங்குடைய பகுதி, சோதனைக்கென வைத்த இருமக் கோப்புகளாக வேடமிட்டு மூலக் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதனை எழுப்பிவிடும் ஆணை களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டித் தந்த மூட்டையில் மட்டும், ஆக்கும் ஆணைகளுக்கிடையே இருந்தது. அவ்வாணை, தான் டெபியன் பொதியாகவோ ஆர்.பி.எம். பொதியாகவோ ஆக்கப்படுகிறதா என்று பார்க்கும். டெபியனின் விதிக்கோப்பு அங்கே இருக்கிறதா என்று பெயர் சொல்லித் தேடும். இருந்தால் மட்டுமே விழித்தெழும். மேலே நான் பாராட்டிய அந்த மூன்று வரிக் கோப்பே திருடனுக்கு அடையாளமாயிற்று! ஆய்வாளர் தம் கணிப்பொறியில் தனியே ஆக்கிப் பார்த்தால் ஒன்றும் நிகழாது. அத்தகைய பொதியாக ஆக்கும்போது மட்டுமே நிகழும்.

மீள ஆக்கி ஒப்புநோக்கும் முறை இதனைக் கண்டுபிடித்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால், கண்டுபிடித்திராது. எத்தனை பொறிகளில் ஆக்கினாலும் அத்தனையிலும் அதே கள்ள வாயில் ஓர் எண்கூட மாறாமல் ஒத்தே வந்திருக்கும். கொடுத்த மூலம் இது, விளைந்த படி இது என்பதற்கு மட்டுமே அம்முறை சான்று பகரும். கண்டுபிடித்தவர் ஆந்திரேஸ் பிராயுண்டு எனும் பொறியாளர். போஸ்ட்கிரெஸ் எனும் தரவுத்தள மென்பொருளில் பணிபுரியும் அவர், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்டு காட்டிய பொருந்தாத எச்சரிக்கையொன்றும் அவர் நினைவுக்கு வந்தது. தோண்டிப் பார்த்தார். மார்ச்சு 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அக்கள்ள வாயில் டெபியனின் சோதனைக் கிளைகளில் நுழைந்திருந்தது. நிலைத்த பதிப்பை எட்டுவதற்கு முன்னரே தடுக்கப்பட்டது.

வால்கிரைண்டு என்ற அதே கருவி இருமுறையும் குரல் கொடுத்திருக்கிறது. 2006இல் அக்குரலை அடக்குவதற்கு இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. 2024இல் ஒருவர் அக்குரலை மறவாமல் நினைவில் வைத்திருந்தார். கருவியில் மாற்றமில்லை, கேட்டவரிடத்தே மாற்றம். இதனைக் கொண்டு, தானியங்கி முறையே தவறு, பழையபடி கையால் ஆக்குவோம் என்பாருடன் நான் உடன்படவில்லை. கையால் ஆக்கியிருந்தால் அந்த அரை நொடியும் எவர்க்கும் தெரிந்திராது. ஒவ்வொருவர் படியும் ஒவ்வொரு விதமாய் இருந்திருக்கும். அதேபோல், மூட்டையை விடுத்துக் களஞ்சியத்திலிருந்தே நேரடியாக ஆக்கினால் போதும் என்பாரின் கருத்தும் பாதி வழியே செல்கிறது. எழுப்பிவிடும் ஆணை அகப்பட்டிருக்கும். உறங்கிக் கிடந்த தீங்கு அங்கேயே கிடந்திருக்கும்.

என் குறை வேறோரிடத்தே உள்ளது. ஆக்கும் வேலை பொறிக்குச் சென்றபின் மிச்சமான மனித உழைப்பு எங்கே போயிற்று? மூலத்தைப் படிக்கும் வேலைக்கு அது வந்திருக்க வேண்டும், வரவில்லை. 69 ஆயிரம் பொதிகளின் அடியில் காலினைப் போன்ற தனி மனிதர்கள் பலர் இருக்கின்றனர். அவர்கள் எழுதியதை வணிக நிறுவனங்களும் அரசுகளும் கல்லூரி ஆய்வகங்களும் விலையின்றி எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்கொள்வது உரிமம் தந்த உரிமையே, தவறன்று. ஆயினும் குறைகூறும் மடல்கள் வந்த நாளில், காலினுக்கு உண்மையாகவே தோள்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால், பொய்யாகத் தோள்கொடுத்தவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா?

இவ்விடத்தில் கல்லூரிகளால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் திட்டப்பணி செய்கின்றனர். நூலகப் பதிவு முறை, விடுதிக் கட்டண முறை என ஒரே தலைப்புகள் திரும்பத் திரும்ப வருவதை ஆசிரியர்கள் அறிவார்கள். மதிப்பெண் இட்டபின் அவை அலமாரியில் உறங்குகின்றன. அவற்றுக்கு மாற்றாக, இரண்டு மாணவர்க்கு ஒரு பொதி என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். மூலத்தைப் பெற்று, களஞ்சியத்தில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும் ஒன்றா என்று முதலில் பார்க்கட்டும். பிறகு வெற்றறையில் ஆக்கி, டெபியன் வெளியிட்ட படியோடு ஒப்புநோக்கட்டும். வேறுபாடு தென்பட்டால் காரணத்தை ஆராய்ந்து பேணுநர்க்கு எழுதட்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஆய்வகத்திலுள்ள பழைய கணிப்பொறியே போதும். டெபியனின் ஆண்டு மாநாடு 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் அண்டை மாநிலத்துக் கொச்சியிலேயே நடைபெற்றது. உலகெங்குமிருந்து அவர்கள் நம் வாயிற்படி வரை வந்து சென்றிருக்கின்றனர்.

எழுத்துருப் பொதிகளையே முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அளவில் சிறியவை, தமிழ்த்துறையும் கணிப்பொறித் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து பார்க்கத்தக்கவை. ஒரு கோப்பு மற்றொன்றிலிருந்து மாறுபட்டால், மாறியது நேரமா, ஓர் எழுத்தின் வளைவா என்று கேட்க வேண்டியிருக்கும். வளைவு என்றால், அதற்கு விடைசொல்லத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் எழுந்து வரவேண்டும்.